தகப்பனார் சொத்தில் பங்கு கேட்பது விசுவாசிக்குத் தகுமா?

கேள்வி: நெல்லைச் சகோதரி

கர்த்தருக்குள் அன்பான யாவருக்கும் ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) பிறந்து வளர்ந்தவள். மணமான பின் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். எங்கள் அப்பா உயில் எதுவும் எழுதாமல் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அம்மா இருக்கிறார்கள். அண்ணன், நான், தம்பி என்று பிள்ளைகள் மூவர். ஊரில் ஒரு வீடும், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் அப்பா பெயரில் இருக்கின்றன.

ஆலயத்தில் சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு நான் ஊருக்கு வரும்போது, என் பங்கை அண்ணனுக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்கள். பத்திரம் எழுதி ஆயத்தமாக இருக்கிறதாம். "உனக்கு நகை போட்டு, சீர் செய்து, கட்டிக்கொடுத்தாயிற்று, இனி இங்கே உனக்கு என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். அண்ணன் கெட்டவர் அல்லர் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அப்பா படுக்கையாக இருந்த மாதங்களில் மருத்துவச் செலவு முழுவதையும் அவர்கள்தான் ஏற்றார்கள். நள்ளிரவில் எழுந்து அப்பாவுக்குத் துணி மாற்றியதும் அண்ணன்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் நான் பதில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாங்கள் எல்லாரும் கைப்பேசியில் இணைந்து குடும்ப ஜெபம் செய்வது வழக்கம். அந்த வாரம் அண்ணன் லூக்கா 12ஆம் அதிகாரத்தை எடுத்து, ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி கேட்ட ஒருவனிடம் ஆண்டவர் பொருளாசையைக்குறித்து எச்சரித்த பகுதியை வாசித்து, எங்கள் குடும்பத்தில் எவர் உள்ளத்திலும் பொருளாசை புகாதபடி காத்தருளும் என்று ஜெபித்தார்கள். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பின் வந்த திருவிருந்து (நற்கருணை) ஆராதனையில், சமாதான வாழ்த்தின்போது பக்கத்தில் இருந்த அம்மையார் இரு கைகளையும் என்னிடம் நீட்டினார்கள். என் கை அவர்கள் கைக்குள் இருந்தது. மனமோ ஊரில் அண்ணனோடு வழக்காடிக்கொண்டிருந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்வது நினைவுக்கு வந்ததால், நற்கருணை பெறாமல் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டேன்.

விசுவாசி ஒருத்தி தன் பங்கைக் கேட்பது பொருளாசையா? சமாதானத்துக்காகக் கையெழுத்திட்டுவிடுவதுதான் கிறிஸ்துவின் வழியா? அதுவரையில் நான் திருவிருந்தில் பங்குபெறலாமா? வேத வசனத்தோடும் நடைமுறை அறிவோடும் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: கூடாரவாசி

அன்புச் சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆயினும் என் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். கையெழுத்திட்டுவிடுங்கள்.

கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது பவுல் எழுதியது என்ன? "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை? ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" (1 கொரிந்தியர் 6:7). ஆபிராமும் லோத்தும் மேய்ச்சல் நிலத்தால் பிரிய நேர்ந்தபோது, வயதில் மூத்தவரும் வாக்குத்தத்தம் பெற்றவருமான ஆபிராம், இளையவனை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, மீந்ததைத் தாம் எடுத்துக்கொண்டார். அவர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பங்குச் சண்டையால் இரண்டு தலைமுறையாக முகம் பாராமல், ஒரே ஆலயத்தில் வேறு வேறு வாசல் வழியாக வெளியேறும் குடும்பங்களை எங்கள் சேகரத்திலேயே நான் அறிவேன். மண் இங்கேயே கிடக்கும். அண்ணன் உறவு போனால் திரும்பி வராது. உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் வேண்டும் அல்லவா?

பதில் 2: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை

கூடாரவாசி ஐயா அவர்கள் அன்போடு எழுதியிருக்கிறார்கள். குடும்பங்கள் சிதறியதைக் கண்ணாரக் கண்டவர் பேச்சு அது. ஆனால் ஆபிராமை இங்கே சாட்சிக்கு அழைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபிராம் தமக்குரியதைத் தாமே மனமுவந்து விட்டுக்கொடுத்தார். லோத்து ஒரு பத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டு, கையெழுத்திடாவிட்டால் நீர் பொருளாசைக்காரர் என்று அவரிடம் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பது ஒருவர் தாமாகக் கொடுக்கும் ஈவாக இருந்தால்தான் அது அன்பு. கேட்டு வாங்கப்பட்டால் அது வேறு ஏதோ ஒன்று.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை நம் ஆலயங்களில் பிரசங்கிக்க நான் கேட்டதேயில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். செலொப்பியாத்துக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து குமாரத்திகள். அவர்கள் ஆசரிப்புக் கூடார வாசலிலே மோசேக்கும், ஆசாரியனாகிய எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபையார் யாவருக்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பனுடைய சகோதரருக்குள்ளே எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். அந்த இடத்தைக் கவனியுங்கள்: சபை முழுவதும் கூடி நிற்கிற வாசல். மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லாமல் அவர்கள் நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். கர்த்தர் உரைத்தது: "செலொப்பியாத்தின் குமாரத்திகள் பேசுகிறது சரிதான்." பங்கு கேட்ட பெண்களைப் பார்த்துக் கடவுளே சரி என்று சொன்ன வசனம் இருக்கும்போது, கேட்பதே பாவம் என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அந்தப் பெண்களுக்குச் சகோதரர் இல்லை, எனக்கு இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். யோபு 42ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏழு குமாரர் இருக்கும்போதே யோபு தம் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார்.

அண்ணன் வாசித்த லூக்கா 12ஆம் அதிகாரத்துக்கும் வருகிறேன். பாகம் கேட்டவன் ஒருவன்தான். ஆனால் பொருளாசையைக்குறித்த எச்சரிப்பை ஆண்டவர் சொல்லும்போது, "பின்பு அவர் அவர்களை நோக்கி" என்று சுவிசேஷகர் எழுதுகிறார். அங்கே நின்ற எல்லாருக்கும் அது சொல்லப்பட்டது; கேட்டவனுக்கும், கொடுக்காமல் வைத்திருந்த அவன் சகோதரனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. அடுத்து வருகிற உவமையில் கண்டிக்கப்படுகிறவன் பங்கு கேட்கப் போனவன் அல்லன். விளைந்ததையெல்லாம் தன் களஞ்சியத்திலே சேர்த்து வைக்க நினைத்தவன்.

சாராள் தக்கர் கல்லூரி போன்ற நிலையங்களை எழுப்பிப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்த பரம்பரை நம்முடையது. படிப்பைக் கொடுத்த அதே வீடுகளில் சொத்து என்று வந்தவுடன் பெண் அந்நியளாகிவிடுவது எனக்குப் பெரும் துக்கம். ஆலயத்தில் ஆணும் பெண்ணும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்று என்று கலாத்தியர் நிருபத்தை வாசிக்கிறோம்; அந்த வசனம் பத்திரப்பதிவு அலுவலகத்தின் படியேறும்போதும் நம்மோடு வர வேண்டும்.

ஆகவே சகோதரி, முதலில் அண்ணனோடு தனியாகப் பேசுங்கள். "அவனும் நீயும் தனித்திருக்கையில்" என்கிறது மத்தேயு 18:15. கணவர், மதினி, தம்பி, சித்தப்பா யாரும் உடனிருக்க வேண்டாம், கைப்பேசியிலும் வேண்டாம். பேசத் தொடங்கும்போது, அப்பாவின் மருத்துவச் செலவில் என் பங்கு எவ்வளவு, அதை நான் ஏற்கிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அண்ணன் சுமந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பல வீடுகளில் அண்ணன்மார் பிடிவாதம் பிடிப்பது நிலத்துக்காக மட்டுமன்று. தாங்கள் பட்ட பாட்டை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே என்கிற ஆதங்கமும் அதில் கலந்திருக்கிறது.

பதில் 3: நாகர்கோவில் வழக்குரைஞர்

வேதப் பகுதியைத் தலைமையாசிரியை அம்மா அவர்கள் விளக்கிவிட்டதால், சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். நம் மக்களில் மிகப் பலர் இதை அறியாமலேயே கையெழுத்திடுகிறார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், பிரிவு 33இன்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குச் சேரும். மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிரிவு 37இன்படி பிள்ளைகள் யாவரும் சமம். மகன், மகள் என்ற வேறுபாடும் மணமானவள், மணமாகாதவள் என்ற வேறுபாடும் சட்டத்தில் இல்லை. உங்கள் குடும்பத்தில் சொத்தை ஒன்பது பாகமாக எண்ணினால், அம்மாவுக்கு மூன்று பாகம், அண்ணன், நீங்கள், தம்பி ஒவ்வொருவருக்கும் இரண்டு பாகம்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று" என்ற வாதத்துக்கு அதே சட்டத்தின் பிரிவு 49 நேரடியாகப் பதில் சொல்கிறது. தகப்பன் உயிரோடிருக்கும்போது ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணமோ பொருளோ, பின்னால் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய பங்கைக் கணக்கிடும்போது கருத்தில் கொள்ளப்படாது. உங்கள் நகைக்கு எது பொருந்துமோ, அதுவே அண்ணனுக்கோ தம்பிக்கோ அப்பா ஏதாவது கொடுத்திருந்தால் அதற்கும் பொருந்தும், எதுவும் கழிக்கப்படாது. அப்பாவின் மருத்துவச் செலவு வேறு விஷயம். குடும்ப ஏற்பாட்டில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நியாயம். தலைமையாசிரியை அம்மாவின் யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்தின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே மகளுக்குக் கொடுத்தது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது, அதுமுதல் 1925ஆம் ஆண்டின் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஒரு கிறிஸ்தவப் பெண் நீதிமன்றம் ஏறித்தான் இதைப் பெற வேண்டியிருந்தது என்பது சபையாருக்கு வருத்தம் தர வேண்டிய செய்தி.

விடுதலைப் பத்திரம் பதிவானபின் அதை ரத்து செய்வது கடினம். ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். உண்மை தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவும் வேண்டும். ஆகவே அசனத்துக்கு வந்த இடத்தில், உறவினர் கூட்டத்தின் நடுவே, அவசரமாகக் கையெழுத்திடாதீர்கள். பத்திரத்தின் நகலை முன்கூட்டியே வாங்கி வாசியுங்கள். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மணமான மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பேசியும் முடியாவிட்டால், உடனே வழக்கு என்று போக வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன்னரே மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. அங்கே ஏற்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. பவுல் கொரிந்தியரிடம், சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று கேட்டதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அநியாயத்தைச் சகித்துக்கொள் என்ற வசனத்தை மட்டும் சொல்லி, நடுநின்று தீர்த்து வைக்கிற பொறுப்பைச் சபை விட்டுவிடக் கூடாது.

நெல்லைச் சகோதரி (மறுமொழி)

மூவருக்கும் என் நன்றி. செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றி நான் பலமுறை வாசித்திருந்தும், அது எனக்குரிய பகுதி என்று தோன்றியதில்லை. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்பதும் எனக்குப் புதிய செய்தி; ஏனெனில் அம்மாவும் அதே பத்திரத்தில் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. இன்னொரு பயம் என்னை வாட்டுகிறது. அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் ஏதாவது கேட்கப்போய், அம்மாவுக்கு வைக்கிற சோற்றில் அது எதிரொலித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அம்மாவிடம் கேட்டால், "எனக்கு எதுவும் வேண்டாம், நீங்கள் சண்டையில்லாமல் இருந்தால் போதும்" என்று அழுகிறார்கள்.

பதில் 4: சேகர குரு ஒருவர்

சகோதரி, உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவின் பங்கை அம்மாவின் பெயரிலேயே வைக்க வேண்டும் என்பதை உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள். என் ஊழியத்தில் எத்தனையோ முதிய தாய்மார்களின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோயிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, காது கேளாதவர்களைப் போல வீட்டின் பின்கட்டில் இருக்கிற தாய்மாரும் உண்டு. தமக்கென்று ஒரு துண்டு நிலம் வைத்திருப்பதால் நெல் விற்கும்போது பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுச் செய்கிற தாய்மாரும் உண்டு. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் ஒரே மாதிரி ஜெபிக்கிறவர்கள்தான். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அம்மா சொல்வதை அவர்களுடைய தியாகமாக மதியுங்கள். ஆனால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு என்ற கற்பனை, அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அவர்களுக்குரியதைக் காப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அண்ணனும் அதை மறுக்கமாட்டார்கள் என்று நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. இரவில் எழுந்து தகப்பனுக்குத் துணி மாற்றிய மகனிடம் பேச வழி இருக்கிறது.

அடுத்து, திருவிருந்து. மத்தேயு 5:23-ஐ மீண்டும் கவனமாக வாசியுங்கள். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. அநியாயம் செய்தவன் பலிபீடத்தை விட்டு எழுந்து போக வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட வசனத்தை, அநியாயத்துக்கு ஆளாகிறவர்கள் தங்கள்மேல் போட்டுக்கொண்டு பந்தியை விட்டு விலகுவதை நான் அடிக்கடி காண்கிறேன். உங்களுக்குரியது மாற்கு 11:25. ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை உண்டாயிருந்தால், ஜெபிக்கும்போது அதை மன்னியுங்கள் என்கிறார். மன்னிப்பது நின்ற இடத்திலேயே செய்யக்கூடியது. அதற்கு அண்ணனின் சம்மதமோ பத்திரமோ வேண்டியதில்லை. மன்னித்த பிறகும் பங்கைக் கேட்கலாம். மன்னிப்பு என்பது கசப்பை விடுவது. கணக்கை மறைப்பது அன்று.

நம் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கில், காணிக்கை படைப்பதற்கு முன்பாகவே சமாதான வாழ்த்து வருகிறது. "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்ற 133ஆம் சங்கீத வசனத்தைக் குருவானவர் சொன்னபின், பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம் கைமாறிக் கைமாறி, வலக்கையோடு வலக்கை சேர்த்து, இடக்கையால் மூடி, கடைசி வரிசைவரை செல்கிறது. 1950ஆம் ஆண்டு ஒழுங்கிலேயே இது இடம்பெற்றது. அந்தக் கைகோத்தலுக்குப் பின்னால் நீண்ட பேச்சுவார்த்தை இருந்தது. தரங்கம்பாடியில் 1919ஆம் ஆண்டு, நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) உள்ளிட்ட சிலர் கூடித் தொடங்கிய, வெவ்வேறு திருச்சபைகளை ஒன்றாக்கும் ஐக்கிய முயற்சி, 1947 செப்டம்பர் 27ஆம் தேதிதான் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அசரியா அதைக் காணாமல் 1945ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இடையில் கழிந்த 28 ஆண்டும், அத்தியட்சர் முறை எப்படி இருக்க வேண்டும், யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தார்கள். எவரும் மற்றவரை வாயை மூடு, அதுவே ஐக்கியம் என்று சொல்லவில்லை. ஆகவே பேசுவதை ஒப்புரவுக்கு எதிரி என்று எண்ணாதீர்கள்.

சேகர குருவானவரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். அண்ணனோடு தனியே பேசியும் பலன் இல்லாவிட்டால், இரண்டொருவரோடு போ என்று ஆண்டவர் சொன்ன இரண்டாவது படிக்கு, இரு தரப்பும் மதிக்கிற மூப்பர் ஒருவர் வேண்டியிருக்கும்.

கூடாரவாசி

குருவானவர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். வழக்கு வேண்டாம் என்பதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் கேட்காமலே இருந்துவிடுங்கள் என்று இனி நான் சொல்லமாட்டேன். அம்மாவின் பங்கைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்தப் பத்திரத்தில் அம்மா கையெழுத்திடாதபடி முதலில் பாருங்கள், சகோதரி.

நெல்லைச் சகோதரி

அண்ணனிடம் பேசினேன். பத்திரத்தைப் பற்றிக் கைப்பேசியில் எதுவும் சொல்லாமல், அசனத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே நான் மட்டும் வருகிறேன், அப்பாவின் ஆஸ்பத்திரி ரசீதுகளை எடுத்து வையுங்கள், அதில் என் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் எதற்கு?" என்றார்கள். பிறகு, "வா, பேசிக்கொள்வோம்" என்றார்கள். அம்மாவிடம், நான் வரும்வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குப் போகிறேன். எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.